நோட்டில் குடியேறிய இரகசியங்கள்: கடவுச்சொல் விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வங்கிகளிலும் அரசுத் துறை இணையதளங்களிலும் கடவுச்சொல் விதிகளை வகுத்து ஒப்பமிடும் அதிகாரிகள், அவ்விதிகளை நிரலாக எழுதும் பொறியாளர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர்கள் பலரின் கடவுச்சொற்கள் சில ஆண்டுகள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. அவற்றை நான் திருடவில்லை. அவர்களே சொல்லி, எழுதி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் சேர்ந்த சிறு கடை ஒன்றைப் பதினாறு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பட்டா, சிட்டா நகல் எடுக்கவும், தேர்வுக்கு விண்ணப்பிக்கவும், வருங்கால வைப்புநிதி இருப்பைப் பார்க்கவும், ஓய்வூதியம் வந்து சேர்ந்துவிட்டதா என்று அறியவும் வருகிறவர்கள்தாம் என் வாடிக்கையாளர்கள். இவர்களில் பெரும்பாலோர் உங்கள் உள்நுழைவுப் பக்கத்தை என் கடைக் கணினியில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். பலர் அதைத் தம் கையால் தட்டச்சு செய்வதே இல்லை.

இழுப்பறையில் இருந்தது 192 பக்க நோட்டு. அகர வரிசைப்படி பெயர், அதற்கு நேரே எந்தத் தளம், பயனர் பெயர், கடவுச்சொல், மாற்றிய தேதி. பழைய கடவுச்சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதியதை எழுதுவேன். சிலரது வரிசையில் ஏழெட்டு அடித்தல்கள் இருந்தன. இந்த நோட்டை ஒருவன் தூக்கிக்கொண்டு போயிருந்தால் எங்கள் ஊரில் எத்தனை குடும்பங்களின் சேமிப்பு போயிருக்கும் என்பதை நினைத்து, மூன்றாண்டுகளுக்கு முன் அதை ஈரப்படுத்திக் கிழித்துப் போட்டேன். ஆனால் அந்த நோட்டை எழுதவைத்தது யார் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கான விடையைத் தேடிப் படித்ததும், கடையில் நாள்தோறும் பார்ப்பதும் சேர்ந்துதான் இந்த மடல்.

முதலில் அந்த நோட்டில் முதல் வரி எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாதந்தோறும் முதல் வாரத்தில் வருவார். நாங்கள் அவரை சார் என்றுதான் அழைப்போம். அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் விதிப்படி, கடவுச்சொல் எட்டு முதல் பன்னிரண்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், சிறப்புக்குறி ஆகிய நான்கும் வேண்டும். சிறப்புக்குறியிலும் எல்லாம் கூடாது, திரையில் காட்டும் நான்கைந்தில் ஒன்றுதான் ஆகும். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசி ஐந்தில் எதுவும் திரும்ப வரக்கூடாது. சார் தம் சொந்த ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதி, அட் குறி போட்டு, 1 என்று முடித்தார். தொண்ணூறு நாள் கழித்து அது 2 ஆயிற்று. ஒரு நாள் விசைப்பலகையில் கேப்ஸ் லாக் போட்டிருந்ததைக் கவனிக்காமல் இருமுறை தட்டினார். கறுப்புப் புள்ளிகள் மட்டும் தெரியும் கட்டத்தில் பிழை எங்கே என்று தெரியவில்லை. மூன்றாம் முறை 3-ஆ 4-ஆ என்ற குழப்பத்தில் கணக்கு பூட்டிக்கொண்டது. கிளைக்குப் பேருந்தில் போய், படிவம் எழுதிக் கொடுத்து, நான்கு நாள் காத்திருந்து திறந்து வந்தவர் சொன்னார்: “இனிமேல் என்னால் ஆகாது தம்பி. நீயே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இந்தத் தடவை என்ன போட்டோம்?” என்பதுதான். அந்தப் ‘போட்டோம்’ என்ற பன்மையில் உங்கள் பாதுகாப்புக் கொள்கை முழுவதும் கவிழ்ந்துபோகிறது. வீட்டுக்கு எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும், ஊருக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரனாக என்னை நியமித்தது உங்கள் விதி.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1979-இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் பயனர்கள் வைத்திருந்த 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கத்தக்கவையாக இருந்தன. ஒற்றை எழுத்து, இரண்டெழுத்து, அகராதிச் சொல் என்றே பலரும் வைத்திருந்தார்கள். ஆகவே மக்களைக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால்தான் சரிப்படும் என்ற எண்ணம் வளர்ந்தது இயல்புதான். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக 2003-இல் பில் பர் என்ற அதிகாரி எழுதிய வழிகாட்டி, பலவகைக் குறிகளைக் கலந்து வைக்கவும் அவ்வப்போது மாற்றவும் சொல்லி, உலகெங்கும் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வேதவாக்காயிற்று. உண்மையான கடவுச்சொற்களைக் கொண்டு சோதித்துப் பார்க்க அவருக்கு அப்போது வாய்ப்பில்லை. 1980-களில் எழுதப்பட்ட பழைய அறிக்கை ஒன்றைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற பின் 2017-இல் அவரே ஒரு நாளிதழுக்கு அளித்த நேர்காணலில், தாம் செய்தவற்றில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். எழுதியவர் வருந்திவிட்டார். ஒப்பமிட்ட நீங்கள் இன்னும் அதே விதியைக் காத்து நிற்கிறீர்கள்.

தொண்ணூறு நாள் விதியைப் பற்றி ஊகமாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கட்டாயமாகக் கடவுச்சொல் மாற்றவைக்கப்பட்ட, பின்னர் பயன்பாட்டிலிருந்து நீங்கிய கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பழைய கடவுச்சொல் ஒன்று தெரிந்தால், களவுபோன கடவுச்சொற் கோப்பை வைத்துக்கொண்டு அதற்கடுத்ததை மூன்று நொடிக்குள் கண்டுபிடிப்பது 41 விழுக்காட்டில் முடிந்தது. 17 விழுக்காட்டுக் கணக்குகளில் ஐந்து ஊகங்களே போதுமாக இருந்தன. 1-ஐ 2 ஆக்குவது, எஸ் எழுத்தை டாலர் குறியாக்குவது, கடைசிக் குறியை முன்னுக்குக் கொண்டுவருவது என்று எல்லா நாட்டு மக்களும் செய்வதைத்தான் எங்கள் சாரும் செய்தார். அவருக்கு வயதானதால் வந்த குறையென்று இதைத் தள்ளிவிட முடியாது.

நிஸ்ட் நிறுவனமே 2017-இல் தன் வழிகாட்டியை மாற்றி எழுதியது. எழுத்துக் கலவையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், களவுபோனதற்குச் சான்று இருந்தாலன்றிக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டாம், குறைந்தது 64 எழுத்து நீளம் வரையாவது ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்கெனவே வெளியே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றெல்லாம் அது சொன்னது. அப்போது ‘வேண்டாம்’ என்று அறிவுரையாக இருந்த முதல் இரண்டும் 2025-இல் வெளியான பதிப்பில் ‘கூடாது’ என்ற கட்டளையாகிவிட்டன. கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பும் உள்நுழைவுக்குக் குறைந்தது 15 எழுத்தும், இன்னொரு சான்றும் கூடவே கேட்கும் உள்நுழைவுக்கு 8 எழுத்தும் வேண்டுமென்று அப்பதிப்பு வரையறுக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து கடவுச்சொல் காலாவதியை 2019-இலேயே நீக்கிவிட்டது. பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம், தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்படி பொதுமக்களுக்குச் சொல்கிறது. அமெரிக்க விதி நம்மைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் சொல்லலாம். பழைய விதியும் அங்கிருந்து வந்ததுதான்.

உங்களில் சிலர், கடுமையான விதி இருக்கும் இடத்தில்தான் கடுமையான பாதுகாப்பும் இருக்கும் என்று நம்புகிறீர்கள். டினெய் ஃப்ளோரென்சியோ, கார்மக் ஹெர்லி என்ற மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2010-இல் 75 இணையதளங்களின் கடவுச்சொல் விதிகளை ஒப்பிட்டார்கள். மிகக் கடுமையான விதிகள் அரசு, பல்கலைக்கழகத் தளங்களில் இருந்தன. கோடிக்கணக்கான பயனர்களோடு நாள்தோறும் தாக்குதலைச் சந்திக்கும் பெருவணிகத் தளங்களின் விதிகள் பல மடங்கு எளிமையாக இருந்தன. காரணம் எளிது. வாடிக்கையாளர் எரிச்சலடைந்தால் வணிகத் தளம் அவரை இழந்துவிடும். அரசுத் தளத்தையோ பல்கலைக்கழகத் தளத்தையோ விட்டு அவர் எங்கே போவார்? அந்த ஆய்வைப் படித்தபோது என் கடை வாசலில் காலை ஒன்பது மணிக்கே நிற்கும் வரிசைதான் நினைவுக்கு வந்தது.

இனி, கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். ஊகிப்பவன் நிற்கக்கூடிய இடம் இரண்டு. ஒன்று உங்கள் உள்நுழைவுப் பக்கம். அங்கே அவன் தட்டும் ஒவ்வொரு ஊகத்தையும் நீங்கள் எண்ண முடியும், நிறுத்த முடியும். ஏடிஎம் அட்டைக்கு நான்கே இலக்கம், மொத்தம் பத்தாயிரம் வாய்ப்புகள், அவ்வளவுதான். ஆனாலும் அது நிற்கிறது என்றால், மூன்று தவறுக்கு மேல் இயந்திரம் விடாது என்பதாலும், அட்டை கையில் இருந்தாக வேண்டும் என்பதாலும்தான். 1967-இல் லண்டனுக்கு அருகே என்ஃபீல்டில் நிறுவப்பட்ட பணம் வழங்கும் இயந்திரத்தை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். முதலில் ஆறு இலக்கம் என்று நினைத்ததாகவும், சமையலறை மேசையில் மனைவியிடம் கேட்டபோது நான்குதான் தன் நினைவில் நிற்கும் என்று அவர் சொன்னதால் நான்காக்கியதாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு பாதுகாப்பு விதியை வகுக்கும்போது வீட்டிலிருக்கும் ஒருவரிடம் ‘இது உனக்கு நினைவிருக்குமா’ என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் அத்தோடு நின்றுபோனது போலும்.

இரண்டாவது இடம் ஊகிப்பவனின் சொந்த வீடு. உங்கள் சேமிப்பிலிருந்து கடவுச்சொற் கோப்பையே அள்ளிக்கொண்டு போய், அங்கே உட்கார்ந்து கணினியை விட்டு நொடிக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பான். அங்கே வாடிக்கையாளரின் கடவுச்சொல் நீளமாக இருந்தால் உதவும், உண்மைதான். ஆனால் கோப்பைக் காக்க வேண்டியதும், ஆர்கான்2, பிகிரிப்ட் போன்று வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் ஹேஷ் முறைகளில் கடவுச்சொற்களை மீட்டெடுக்க முடியாத குறிகளாகச் சிதைத்து வைக்க வேண்டியதும் உங்கள் வேலை. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் களவுபோயின. அவை எந்தச் சிதைப்பும் இல்லாமல் அப்படியே எழுத்தெழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தன. அங்கே ஒருவர் எத்தனை சிறப்புக்குறி போட்டிருந்தாலும் பயனில்லை. சேமிப்பறையின் சுவர் பலவீனத்தைச் சாரின் நினைவாற்றல் தாங்கிப் பிடிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது முறையன்று.

உள்நுழைவுப் பக்கத்தில் நிற்பவனுக்கோ மூன்று தவறுக்கே கணக்கைப் பூட்டும் கெடுபிடி தேவையில்லை. தொடர்ச்சியாக நூறு தவறுகள் வரை போக விடலாம் என்பதே நிஸ்ட்டின் மேல்வரம்பு. எல்லோரும் வைக்கும் கடவுச்சொற்களை முதலிலேயே மறுத்துவிட்டால், நூறு ஊகங்களில் ஒருவன் எதையும் கண்டுபிடித்துவிடப் போவதில்லை. நூறு உங்களுக்கு மிகையாகத் தோன்றினால் பத்து வையுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பைக் கொஞ்சம் நீட்டுங்கள். நான்கு நாள் பூட்டு என்பது திருடனைவிட உரியவரைத்தான் அதிகம் தண்டிக்கிறது.

அப்படியானால் நினைவில் நிற்பதும் ஊகிக்க முடியாததுமான கடவுச்சொல் எது? தொடர்பில்லாத சில சொற்களை வரிசையாக வைப்பது. இதன் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் 1995-இல் டைஸ்வேர் என்ற முறையை வெளியிட்டார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று, ஐந்து முறை பகடை உருட்டினால் அதில் ஒரு சொல். அப்படி நான்கு சொற்களைத் தேர்ந்தால் ஏறத்தாழ 3,656 லட்சம் கோடி வாய்ப்புகள். விசைப்பலகையிலுள்ள 95 குறிகளிலிருந்து எட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினால் ஏறத்தாழ 6,634 லட்சம் கோடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம்தான். ஆனால் கண்ணை மூடிப் பொறுக்கிய எட்டுக் குறிகளை எந்த மனிதரும் நினைவில் வைத்திருக்க மாட்டார். நான்கு சொற்களை ஒரு காட்சியாகக் கோத்துவிட்டால் மறு வாரமும் சொல்வார். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் வலிமை ஏழாயிரத்து எழுநூறு மடங்குக்கு மேல் ஏறும்.

நம் ஊருக்கு ஏற்ற வழி ஒன்றும் எனக்குத் தோன்றியது. தாயக்கட்டை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு கட்டைக்கு நான்கு முகம். இரண்டு கட்டை உருட்டினால் பதினாறு வகை. ஒரு கட்டையில் அடையாளத்துக்கு நூல் சுற்றிக்கொண்டு மூன்று முறை உருட்டினால் சரியாக 4,096 வகை கிடைக்கும். எளிய தமிழ்ச் சொற்கள் 4,096 கொண்ட பட்டியல் ஒன்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற ஓர் அமைப்பு வெளியிட்டால், எந்தக் கணினியையும் நம்பாமல் பாட்டியும் பேத்தியும் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து சொற்களை உருட்டி எடுத்துவிடலாம். கையால் செய்த கட்டை ஒரு பக்கம் சற்றுச் சாயும் என்பார்கள். சாயட்டும், ஊர்ப் பெயரோடு 1 சேர்ப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். அண்மையில் ஒரு மாணவிக்கு அகராதியைக் கண்ணை மூடித் திறந்து இதையே செய்து காட்டினேன். ‘தவிடு’, ‘நங்கூரம்’, ‘சம்மந்தி’, ‘பனிக்கட்டி’ என்று வந்தது. தவிட்டு மூட்டையோடு சம்மந்தி பனிக்கட்டிமேல் நங்கூரம் போட்டு நிற்கிறார் என்று அவளே ஒரு கதை கட்டிக்கொண்டாள். எடுத்துக்காட்டுக்காக எடுத்ததால் இங்கே எழுதுகிறேன். இதை யாரும் பயன்படுத்த வேண்டாம்.

சொற்களை மனத்துக்குப் பிடித்தபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதையும் நீங்கள்தாம் மக்களுக்குச் சொல்ல வேண்டும். நம்மவர்களிடம் நீளமாக ஏதாவது வையுங்கள் என்றால் உடனே ஒரு குறளையோ திரைப்பாடலின் பல்லவியையோ வைப்பார்கள். குறள்கள் மொத்தமே 1,330. நீளத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, ஊகிப்பவனுக்கு அது ஒரு சிறு பட்டியல்.

ஆனால் மேலே சொன்ன எதையும் உங்கள் தளங்களில் இன்று செய்ய முடியாது. இடைவெளி கூடாது, பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கூடாது, ஆங்கில எழுத்தல்லாத எதுவும் கூடாது. தமிழ் மட்டுமே சரளமாக வரும் ஒருவர் தம் கடவுச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே மறதிக்கு இன்னொரு வழி திறக்கிறது. ‘கோழி’ என்று எழுத ஒருவர் ழகரத்துக்கு இசட், எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் போடுவார். சொல் நினைவிருக்கும், எழுத்துக்கூட்டல் நினைவிராது. என் கடையில் பூட்டிக்கொள்ளும் கணக்குகளில் பல இந்த நெடில், குறில், ழகரத் தகராற்றில் பூட்டிக்கொண்டவை.

தமிழ் எழுத்தில் கடவுச்சொல்லை ஏற்பது முடியாத காரியமன்று. கவனமாகச் செய்ய வேண்டிய காரியம். ‘கொக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மூன்றெழுத்து. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ககரம், ஒகரக்குறி, ககரம், புள்ளி, ககரம், உகரக்குறி என ஆறு குறியீடுகள். அந்த ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று எனப் பிரித்தும் எழுதலாம். பிரித்தால் ஏழு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஹேஷ் செய்தால் இரண்டும் வேறு வேறு. ஆகவே ஹேஷ் செய்வதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்துவிட வேண்டும். இது ஒரே ஒரு வரி நிரல். அடுத்து, இக்குறியீடுகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது. பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் எதையும் பார்ப்பதில்லை. ஆகவே இருபத்துநான்கு குறியீட்டோடு தமிழ்க் கடவுச்சொல் ஓசையில்லாமல் வெட்டப்பட்டு, நான்காவது சொல் இருந்தும் இல்லாததாகிவிடும். இதைத் தவிர்க்க ஆர்கான்2 போன்ற வேறு முறைக்குப் போகலாம். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை இரண்டு வெவ்வேறு குறியீட்டு வரிசைகளால் எழுத முடியும் என்பதும், என்எஃப்சி இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்காது என்பதும் தமிழ்த் தட்டச்சு அறிந்தவர்களின் பழைய தலைவலி. நான் முன்மொழியும் சொற்பட்டியலில் அந்த எழுத்தே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். எழுதுவதைப் பார்க்க உதவும் கண் குறி ஒன்று கட்டத்தின் ஓரத்தில் கட்டாயம் வேண்டும். தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுபவரும் ஒலிபெயர்ப்பில் தட்டுபவரும் கறுப்புப் புள்ளிகளை நம்பித் தமிழ் எழுத முடியாது.

கடவுச்சொல்லை மறந்தால் நீங்கள் கேட்கும் கேள்விகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாயாரின் கன்னிப் பெயர் என்ன என்று ஒரு படிவம் கேட்கிறது. நம் பெண்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பொதுவாக இல்லை. திருமணத்துக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து, பின் பெரும்பாலும் கணவர் பெயரின் முதலெழுத்து. ஆகவே தாயாரின் பெயரையே எழுதிவிடுகிறார்கள். அது குடும்ப அட்டையில் அச்சாகியிருக்கிறது, தெருவில் எல்லோருக்கும் தெரியும். பிடித்த கிரிக்கெட் வீரர் யார் என்ற கேள்விக்கு எங்கள் மாவட்டத்தில் என்ன விடை வரும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். கூகுள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் பயனர்களின் ‘பிடித்த உணவு’ விடையை ஒரே ஊகத்தில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 19.7 விழுக்காடு. கொரிய மொழி பேசுவோரின் ‘பிறந்த ஊர்’ விடையைப் பத்து ஊகத்தில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 39 விழுக்காடு. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் பயனர்களில் 40 விழுக்காட்டினருக்குத் தாம் கொடுத்த விடையே நினைவில்லை. ஊகிக்க எளிதாகவும் நினைவுகூர அரிதாகவும் ஒன்றைச் செய்ய வேண்டுமென்று யாராவது முயன்றிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சல் இந்தக் கேள்விகளின் வழியாகத்தான் திறக்கப்பட்டது. அவரைப் பற்றிய விடைகள் பொதுவெளியிலேயே இருந்தன.

பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துக் கோப்புகளுக்குக் கடவுச்சொல் அமைப்பது இன்னொரு வழக்கம். தரவிறக்கிய ஆதார் கோப்புக்குப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். நினைவில் நிற்பதில் இதற்கு இணையில்லை, மறுக்க மாட்டேன். ஆனாலும் பெயருக்கு முன் முதலெழுத்துப் போடும் நம் மக்களுக்கு, அந்த முதலெழுத்தும் அதற்குப் பின்னுள்ள புள்ளியும் நான்கில் சேருமா என்ற ஐயம் ஓயாது. சேரும். இதை நான் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்கிறேன். தெருவுக்கே தெரிந்த பெயரும் வயதும் இரகசியமாகா என்பது வேறு கதை.

கடவுச்சொல்லை நகலெடுத்துக் கட்டத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் பழக்கத்தை இன்றைக்கே கைவிடலாம். கடவுச்சொல் பெட்டகச் செயலி வைத்திருக்கும் இளைஞர்கள், நாற்பது எழுத்துக் கடவுச்சொல்லை அதில் வைத்திருந்தும், உங்கள் கட்டம் ஒட்டவிடாததால் எளிதில் தட்டக்கூடிய ஒன்றுக்கு இறங்கி வருகிறார்கள். கசிந்த கடவுச்சொற்களோடு ஒப்பிடுவதற்கும் பெருஞ்செலவில்லை. டிராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியர் நடத்தும் தளம், கடவுச்சொல்லின் ஹேஷில் முதல் ஐந்து குறிகளை மட்டும் வாங்கிக்கொண்டு, அதோடு பொருந்துகிறவற்றைத் திருப்பி அனுப்புகிறது. முழுக் கடவுச்சொல் உங்கள் எல்லையைத் தாண்டுவதே இல்லை.

கைப்பேசிக்கு வரும் ஓடிபி இருக்கும்போது கடவுச்சொல்லைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். எங்கள் பகுதியில் பல வீடுகளில் அந்த எண் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகனுடையது. ஓடிபி அங்கே போய், அவன் வேலை முடிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இங்கே வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். இந்திய ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்த பணப்பரிவர்த்தனை உறுதிப்பாட்டு விதிகள், குறுஞ்செய்தி ஓடிபியைத் தாண்டிய வழிகளுக்கும் இடம் கொடுக்கின்றன. கைப்பேசியின் கைரேகையோடு இயங்கும் பாஸ்கீ முறையை நான் வரவேற்கிறேன். அதில் நினைவில் வைக்க எதுவுமில்லை, என்னிடம் சொல்லவும் எதுவுமில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் பேரனின் கையில் என்ற நிலை இருக்கும்வரை அது எல்லோருக்கும் விடையாகாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தாளில் எழுதிப் பெட்டிக்குள், நிலப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். இணையத் திருடன் எவனும் எங்கள் ஊர் டிரங்குப் பெட்டியைத் திறக்க வரமாட்டான். தாளில் எழுதாதே என்ற உங்கள் எச்சரிக்கையால்தான் அவர்கள் தாளில் எழுதாமல் என்னிடம் சொல்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை விதித் திருத்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, தொண்ணூறு நாள் என்ற வரியையும் ‘குறைந்தது ஒரு சிறப்புக்குறி’ என்ற வரியையும் அடித்துவிடுங்கள். நீள வரம்பைக் குறைந்தது 64 ஆக்குங்கள், இடைவெளியையும் தமிழையும் ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்தத்தை வெளியிடுவதற்கு முன், எங்கள் கடை போன்ற ஒன்றில் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். விதி எழுதும் அறையில் தெரியாத பல, விசைப்பலகையில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடும் ஒருவரின் பக்கத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நாற்காலி நான் தருகிறேன்.

நோட்டைக் கிழித்த பிறகும் சார் வருவதை நிறுத்தவில்லை. இப்போது அவருடைய எண் 25-இல் நிற்கிறது. அதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே எனக்குத் தெரிகிறது என்பதுதான் சங்கடம். அவருடைய அடுத்த தொண்ணூறாவது நாள் வரும் மாதம் பதினொன்றாம் தேதி வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிரவுசிங் சென்டர் நடத்துபவர்,
திருவாரூர் மாவட்டம்.